டூட்டு: ஆடலுக்காக மாறிய ஆடை

நுழையும்முன்

ஆடுபவர் அணியும் ஆடை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கால் எவ்வளவு உயரலாம், உடல் எவ்வளவு விரைவாகச் சுழலலாம், பார்ப்போர் கண்ணுக்கு எது தெரிய வேண்டும் என்பவற்றையும் அதுவே முடிவு செய்கிறது. ஐரோப்பிய நாட்டியமான பாலேவில் பெண்கள் அணியும் 'டூட்டு' என்னும் பாவாடை எவ்வாறு தோன்றியது, ஏன் மாறியது, அதன்பொருட்டுக் கலைஞர் கொடுத்த விலை என்ன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வெண்ணிற வலைத்துணி அடுக்கடுக்காக விரிய, இடுப்பைச் சுற்றி வட்டத் தட்டுப்போல் நிற்கும் பாவாடை! பாலே என்றவுடன் நம் மனத்தில் எழும் காட்சி இதுவே. பாலே பிறந்த நாளிலிருந்தே இவ்வாடை உடன் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பாலே தோன்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே டூட்டுவின் முதல் வடிவம் மேடைக்கு வந்தது.

அரண்மனை ஆடல்

பாலே, இத்தாலிய அரண்மனை விருந்துகளில் அரும்பிப் பிரான்சு அரசவையில் வளர்ந்த கலையாகும். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1653ஆம் ஆண்டு, தம் 14ஆம் அகவையில், கதிரவன் வேடம் புனைந்து ஆடினார். 1661இல் அவர் நடனத்திற்கென ஒரு கழகத்தையும் நிறுவினார். தொடக்கத்தில் பாரிசு ஓபரா மேடையில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். தொழில்முறை நடனப் பெண்கள் அம்மேடையில் முதன்முதலாக ஆடியது 1681ஆம் ஆண்டில்தான்.

அப்பெண்களின் உடை அரசவை உடையைப் போன்றே இருந்தது. கனத்த பட்டு, சரிகை வேலைப்பாடு, விலாவை இறுக்கும் கச்சு, பாவாடையை விரித்து நிறுத்தும் சட்டகம், குதிகால் உயர்ந்த காலணி ஆகியவற்றை அவர்கள் அணிந்தனர். பாவாடை தரையைத் தொட்டது. முழங்கால்வரை மட்டுமே உடுத்திய ஆண்கள் துள்ளிக் குதித்தனர்; காற்றிலே கால்களை மாற்றினர். பெண்களோ மெல்ல நகர்ந்து, வளைந்து, வணங்குவதோடு நிற்க வேண்டியிருந்தது. அவர்களிடம் திறமை இல்லாமலில்லை. உடை இடம் தரவில்லை.

கணுக்கால் தெரிந்தது

இந்நிலையை மாற்றியவர்களுள் மரி கமார்கோ குறிப்பிடத்தக்கவர். 1726இல் பாரிசு மேடையேறிய இவர், ஆண்களுக்கே உரியனவாகக் கருதப்பட்ட விரைவான துள்ளல்களைத் தாமும் ஆடினார். அந்தக் கால்வேலை பார்ப்போருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாவாடையைக் கணுக்கால் தெரியும் அளவுக்குக் குறைத்தார் என்பர். சில அங்குல மாற்றம்தான்; எனினும், அது பலரை வியக்கவும் சிலரை முகம் சுளிக்கவும் வைத்தது.

அவர் காலத்தவரான மரி சலே, 1734இல் இலண்டன் மேடையில் சட்டகப் பாவாடையை நீக்கி, மெல்லிய மஸ்லின் ஆடையுடனும் விரித்த கூந்தலுடனும் தோன்றினார். பின்னர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசவை ஆடம்பரமே வழக்கொழிந்தது. உயர்ந்த குதிகாலும் கனத்த பட்டும் மேடையைவிட்டு நீங்கின.

டூட்டுவின் பிறப்பு

1832ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் பாரிசு ஓபராவில் 'லா சில்ஃபீட்' என்னும் பாலே அரங்கேறியது. காற்றில் வாழும் தேவதை ஒருத்தியின்மீது காதல் கொண்ட இளைஞனின் கதை அது. தேவதையாக ஆடியவர் மரி டாக்லியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ டாக்லியோனி.

தேவதைக்கு எடை இராது. ஆனால், ஆடும் பெண்ணுக்கு எடை உண்டு. அந்த எடை இல்லாததுபோல் எவ்வாறு காட்டுவது? இதற்கு மூன்று துணைகள் கிடைத்தன. முதலாவது, கால்விரல் நுனியில் நிற்கும் நுனிக்கால் ஆடல். டாக்லியோனி கடும்பயிற்சியால் அதனை இயல்பான அசைவுபோல் ஆக்கினார். இரண்டாவது, அரங்கில் புதிதாக வந்திருந்த வாயு விளக்கு. அதன் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால் நிலவொளி போன்ற தோற்றத்தை உண்டாக்க இயன்றது. மூன்றாவது, அவர் அணிந்த ஆடை. மேலே உடலோடு ஒட்டிய கச்சு. கீழே மெல்லிய வெண்துணி பல அடுக்குகளாகச் சேர்ந்து, கெண்டைக்கால்வரை இறங்கும் மணிவடிவப் பாவாடை. அவர் குதித்து இறங்கும்போது பாவாடை சற்றுத் தாமதித்தே இறங்கியது. அதனால், அவர் காற்றில் மிதப்பதாகவே பார்ப்போர் உணர்ந்தனர்.

1841இல் அரங்கேறிய 'ஜிசெல்' என்னும் பாலேவும் இவ்வாடையையே பின்பற்றியது. இந்நீள்வடிவம் இன்று 'ரொமாண்டிக் டூட்டு' எனப்படுகிறது. டூட்டு என்னும் பெயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்கிற்கு வந்தது. அது பிரெஞ்சு மழலைச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர்.

இயந்திர வளர்ச்சியும் இவ்வாடைக்குத் துணைநின்றது. கையால் பின்னிய வலைத்துணி மிகுந்த விலையுடையது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹீத்கோட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலைத்துணி நெய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பின்னர் அத்துணி பெருமளவில் கிடைக்கலாயிற்று.

அழகும் ஆபத்தும்

மெல்லிய துணிக்கு ஒரு குறை உண்டு. அடுக்குகளுக்கு இடையே காற்று நிறைந்திருப்பதால் அது நொடியில் தீப்பற்றும். மேடையின் ஓரங்களிலோ மூடப்படாத விளக்குச் சுடர்கள் வரிசையாக எரிந்தன. 1844இல் இலண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் இளம்நடனக் கலைஞர், மேடையிலேயே உடை தீப்பற்றி, அக்காயத்தால் இறந்தார்.

துணியைத் தீப்பற்றாமல் காக்கும் வழி கண்டறியப்படாமல் இல்லை. வேதிக் கரைசலில் துணியைத் தோய்த்து உலர்த்தும் முறையை ஒருவர் உருவாக்கியிருந்தார். அரங்க உடைகள் அனைத்தையும் இவ்வாறு பதப்படுத்த வேண்டும் என்று 1859இல் பிரான்சு அரசு ஆணையும் இட்டது. ஆனால், கரைசலில் தோய்ந்த துணி விறைத்தது, வெண்மை மங்கியது, மிதக்கும் தன்மையை இழந்தது. ஆகவே, நடனப் பெண்கள் பலர் அதனை விரும்பவில்லை.

அவர்களுள் ஒருவர் எம்மா லிவ்ரி. இவர் டாக்லியோனியின் அன்புக்குரிய மாணவி. அவருக்காகவே டாக்லியோனி 1860இல் 'பட்டாம்பூச்சி' என்னும் பாலேவை அமைத்தார். பட்டாம்பூச்சியாக மாறிய பெண்ணொருத்தி தீப்பந்தத்தை நாடிப் பறந்து சிறகுகளை இழக்கும் காட்சி அதில் உண்டு. தம் வழக்கமான பாவாடையிலேயே ஆடப்போவதாகவும் அதன் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் லிவ்ரி ஓபரா நிருவாகத்திற்கு எழுதிக் கொடுத்தார்.

1862ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடந்த ஒத்திகையில், தம் முறைக்காகக் காத்திருந்த லிவ்ரி பாவாடையை உதறிச் சரிசெய்தார். அந்த அசைவில் அருகிலிருந்த வாயு விளக்கின் சுடர் துணியைத் தொட்டது. உடல் முழுவதும் தீ பரவியது. எட்டு மாதங்கள் துன்புற்ற அவர், 1863ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு 20 வயது. எரிந்து எஞ்சிய அவருடைய உடையின் துண்டுகள் பாரிசு ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

லிவ்ரியின் முடிவை அறியாமை என்று எளிதில் கூறிவிடலாம். ஆனால், விறைத்த துணியில் தேவதையாக ஆட இயலாது என்பதும் அவருக்குத் தெரிந்த உண்மையே. பாதுகாப்பையோ கலையையோ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் ஒரு கலைஞரை வைத்ததே அக்கால அரங்கின் பெருங்குறை எனலாம்.

குறுகிய பாவாடை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாவாடை மேலும் குறுகி முழங்காலை எட்டியது. ஓவியர் எட்கர் டெகா வரைந்த நடனப் பெண்களின் படங்களில் இவ்வடிவத்தைக் காணலாம். 1881இல் அவர் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு உண்மைத் துணியாலேயே பாவாடை அணிவித்திருந்தார்.

மேலும் சுருங்கக் காரணமானவர்கள் இத்தாலிய நடனக் கலைஞர்கள். 1885இல் இரசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வந்த விர்ஜினியா சூக்கி, குட்டைப் பாவாடையிலேயே ஆடுவேன் என்று உறுதியாக நின்றார். 1895இல் அந்நகரில் அரங்கேறிய 'அன்ன ஏரி' பாலேவில் பியரினா லென்யானி, ஒற்றைக்காலில் நின்றவாறே 32 முறை தொடர்ந்து சுழன்றார். நீண்ட பாவாடை அணிந்திருந்தால் அது காலைச் சுற்றியிருக்கும். சுழற்சியின் நுட்பமும் மறைந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டில் பாவாடை இடுப்பிலிருந்து நேராக நீளும் தட்டு வடிவம் பெற்றது. இதனைத் தைப்பது எளிதன்று. உள்ளாடையின்மீது சுருக்கம் வைத்த வலைத்துணியைப் பத்து, பன்னிரண்டு அடுக்குகளாகத் தைப்பர். கீழடுக்கு மிகக் குறுகியது. மேலடுக்கு மிக அகன்றது. அடுக்குகள் பிரியாதவாறு இடையிடையே தளர்வாகத் தையலிடுவர். சிலவற்றில் மெல்லிய எஃகு வளையமும் உண்டு. கச்சின் முதுகுப்புறத்தில் கொக்கிகளை வரிசையாக வைப்பதால் ஒரே உடையைச் சற்று வேறுபட்ட உடலமைப்புடையோரும் அணியலாம். ஓய்வில் இருக்கும்போது டூட்டுவைத் தலைகீழாகத் தொங்கவிடுவர். இல்லையெனில் அது தன் எடையாலேயே தொய்ந்துவிடும்.

வளையம் வைத்த பாவாடைகள் கூட்டமாக ஆடும்போது ஒன்றையொன்று இடித்தன. நியூயார்க்கில் பணியாற்றிய ஆடைக்கலைஞர் பார்பரா கரின்ஸ்கா, 1950இல் வளையமின்றிக் குறைந்த அடுக்குகளால் மென்மையான டூட்டுவை அமைத்து இக்குறையைப் போக்கினார்.

நம் நாட்டோடு ஓர் உறவு

அன்ன வேடத்தில் டூட்டு அணிந்து ஆடி உலகப் புகழ்பெற்றவர் இரசியாவின் அன்னா பாவ்லோவா. அவர் இந்தியாவிற்கும் வந்து ஆடினார். அவரால் ஈர்க்கப்பட்டுப் பாலே கற்கத் தொடங்கிய தமிழ்ப்பெண் ஒருவரிடம், உம் நாட்டின் கலையை நாடுக என்று பாவ்லோவா அறிவுறுத்தினார். அப்பெண்ணே ருக்மிணி தேவி அருண்டேல். அவர் பரதநாட்டியம் பயின்று 1935இல் சென்னை அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பரதநாட்டிய உடையையும் அணிகலன்களையும் கோயில் சிற்பங்களை நோக்கிப் புதிதாக வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அரைமண்டியில் விசிறிபோல் விரியும் கொசுவத்தை இன்று நாம் காண்கிறோம். ஆடலுக்கு ஏற்ப ஆடை அமைய வேண்டும் என்னும் எண்ணம் அங்கும் உண்டு.

டூட்டு அணிந்த ஒருவர் ஆடுவதை இனி நீங்கள் காண நேர்ந்தால், அந்த வெண்மையை மட்டும் பார்க்காதீர்கள். கால்கள் தடையின்றி அசைவதற்காகப் பல தலைமுறைப் பெண்கள் அங்குலம் அங்குலமாகப் பெற்ற உரிமை அது.

சொற்பொருள்

அகவை – வயது
கச்சு – மார்பையும் இடுப்பையும் இறுக்கி அணியும் மேலுடை
சட்டகம் – வடிவம் குலையாமல் தாங்கும் அமைப்பு
கெண்டைக்கால் – முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பின்பகுதி
கொசுவம் – துணியின் மடிப்பு வரிசை

பயிற்சி

1. தொடக்கக் காலப் பாலேவில் பெண்களால் துள்ளி ஆட இயலாமைக்குக் காரணம் யாது?
2. டாக்லியோனியை எடையற்றவர்போல் காட்டிய மூன்று துணைகளை எழுதுக.
3. பதப்படுத்திய துணியை நடனப் பெண்கள் விரும்பாதது ஏன்?
4. எம்மா லிவ்ரியின் முடிவு சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.
5. நீவிர் வாழும் மாநிலத்தின் நடனம் ஒன்றைப் பார்த்து, அதன் உடை ஆடலுக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதை வகுப்பில் கூறுக.