நாலரை சுற்று... ஒற்றைக் காலில் இறங்கணும்!

பனிக்கட்டித் தரை. காலில் கத்தி போன்ற இரும்புத் தகடு பொருத்திய பூட்ஸ். வேகமாக வந்து எகிறணும். அந்தரத்தில் பம்பரமாகச் சுற்றணும். ஒற்றைக் காலில் இறங்கணும்!

இதுதான் பிகர் ஸ்கேட்டிங். தனி ஆட்டத்தில் தாவல், ஒரே இடத்தில் சுழலுதல், காலடி வரிசை ஆகிய மூன்றும்தான் அஸ்திவாரம். தாவலில் மட்டும் 6 வகை.

அரை சுற்று வம்பு

இவற்றில் ரொம்பக் கஷ்டமானது 'ஆக்சல்'. 1882-ல் வியன்னாவில் நார்வே வீரர் ஆக்சல் பால்சன் செய்து காட்டியது.

மற்ற 5 தாவல்களில் பின்பக்கமாகச் சறுக்கி வந்து எகிறுவார்கள். ஆக்சலில் மட்டும் முன்பக்கமாக எகிறணும். ஆனால் இறங்குவது பின்பக்கமாகத்தான். அதனால் அரை சுற்று கூடுதல்!

1948-ல் அமெரிக்காவின் டிக் பட்டன் இரண்டரை சுற்று சுற்றினார். 1978-ல் கனடாவின் வெர்ன் டெய்லர் மூன்றரை. நாலரை? ஊகூம்!

விழுந்தார் சாம்பியன்

ஜப்பானின் யுசுரு ஹன்யு 2014, 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் துணிந்து நாலரைக்கு எகிறினார். விழுந்துவிட்டார்! கிடைத்தது 4-வது இடம்.

அதே ஆண்டு செப்டம்பர். அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரம். இலியா மலினின் என்ற 17 வயதுப் பையன் எகிறினான். அந்தரத்தில் இருந்தது ஒரு வினாடிகூட இல்லை. அதற்குள் நாலரை சுற்று! ஒற்றைக் காலில் ஜம்மென்று இறங்கினான்.

ஒன்றரை சுற்று நாலரை ஆவதற்கு 140 வருஷம் ஆயிற்று!