உங்களுக்குத் தெரியுமா? லண்டனிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கம்

லண்டன் மாநகரின் வடபாகத்தில், ஆர்ச்வே சாலையில் கோயில் கொண்டிருக்கும் முருகனைத் தரிசித்துவிட்டுச் சென்னைக்குப் பிரயாணப்படும் பக்தர், ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர் தூரத்தை, நேர் விமானமானால், இடையில் எங்கும் இறங்காமல் பத்துப் பதினோரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறார். 1929-இல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் இந்தியாவுக்கு விமான சேவையை ஆரம்பித்த காலத்திலோ, லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து, அன்று இந்தியாவிலிருந்த கராச்சிக்கு வந்து சேரவே ஒரு வாரம் பிடித்தது. அதிலும், நடுவே பாஸல் நகரில் இறங்கி ஜெனோவா வரையில் ரயிலில் போகவேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான். இன்று சென்னையிலிருந்து லண்டனுக்குத் திரும்புகையில், மேற்கிலிருந்து வெகு உயரத்தில் வீசும் வாயுப் பிரவாகம் எதிர்ப்படுவதால், பிரயாண நேரம் சற்று அதிகமாகும். ஆயினும், சென்னையில் விடியற்காலையில் புறப்பட்டவர் அன்று நண்பகலை ஒட்டியே ஹீத்ரோவில் இறங்குவதற்குக் காரணம், லண்டன் கடிகாரம் கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் நமக்குப் பின்தங்கியிருப்பதே.