மாலை கழற்றிய மறுநாள்

“சாமிக்கு மாலை போட்டால் 48 நாள் குடியைத் தொடவே மாட்டார். கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போயிடுவார்.” இப்படிச் சொல்லும் வீடுகள் நம் ஊரில் நிறைய. விரத நாளில் விடிகாலைக் குளியல், பூசை, சாயங்காலம் பஜனை, கூடவே சாமிமார் என்று பொழுது நிறைந்திருக்கிறது. ‘கட்டிங் போடலாமா’ என்று கூப்பிடும் கூட்டாளிகூட அப்போது ஒதுங்கிக்கொள்கிறான். மாலை இறங்கியதும் அந்த ஏற்பாடு மொத்தமும் கலைந்துபோகிறது. நிறுத்திய முதல் மாதங்களில் குடிநோயாளிக்கு வேண்டியது அந்த ஏற்பாடுதான். நாமோ பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதோடு நின்றுவிடுகிறோம்.

மாலைக்கானாலும் சத்தியத்துக்கானாலும், தினமும் நிறையக் குடித்தவர் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்குவார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது, 108-ஐ அழையுங்கள்.

‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்ற விளம்பரங்களை நம்பவே வேண்டாம். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது.

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதும் கட்டாயமாக மொட்டையடிப்பதும் சட்டப்படி தவறு. உறவினரைப் பார்க்கவும் போனில் பேசவும் சிகிச்சை பெறுபவருக்கு உரிமை உண்டு. மீறினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மையத்திலிருந்து வீடு திரும்பியபின் சிக்கலான நேரம் சாயங்காலம். வேலை முடிந்த களைப்பு, பசி, போகிற வழியில் கடை. பாதையை மாற்றுங்கள், வந்ததும் சாப்பிடக் கொடுங்கள். பலருக்குக் குடிக்கத் தோன்றும் வேகம் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். வயிறு நிறைந்திருந்தால் அதைக் கடத்துவது சுலபம். சம்பள நாளில் கையில் ரொக்கம் வேண்டாம் என்று அவரே சொன்னால் நல்லது. பிடுங்கிவைத்தால் சண்டைதான் மிஞ்சும். தூக்கம் சரியாக வாரக்கணக்கில் ஆகலாம். அதற்காக மெடிக்கலில் தானாகத் தூக்கமாத்திரை வாங்குவது இன்னொரு பழக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன.

ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று கத்தாமல் மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவச எண்கள். மனைவியோ பிள்ளையோகூட அழைக்கலாம்.