மூட்டுத் தேய்வைச் சிறுநீர் சொல்லுமா?

கோழிக்கால் எலும்பின் நுனியில் வெண்மையாய், வழுவழுப்பாய் ஒரு பகுதி இருக்கும். பிள்ளைகள் கடித்து நொறுக்குவார்கள். அதுதான் கசியிழையம். குருத்தெலும்பு என்றும் சொல்வர். எமது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசாதபடி காப்பது அதுவே. அதற்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகையால் அது தேயத் தொடங்கும்போது நோவு தெரிவதில்லை.

எக்ஸ்ரே படத்திலும் எலும்புதான் விழும், கசியிழையம் விழாது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளி ஒடுங்கியிருப்பதைக் கொண்டே வைத்தியர் தேய்வை மட்டிடுகிறார். அந்த மாற்றம் படத்தில் தெரிய வருடங்கள் செல்லும். "படத்தில் ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் நோவு பொய்யல்ல.

ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி தேடினார்கள். உடைகின்ற கசியிழையத்தின் நுண்ணிய துணிக்கைகள் மூட்டு நீரில் கலந்து, குருதிக்குப் போய், சிறுநீரோடு வெளியேறுகின்றன. அவற்றை அளந்தால் என்ன? சுவீடன் நாட்டைச் சேர்ந்த சக்ஸ்னே, ஹைனகோர்ட் என்னும் இருவர், 'கொம்ப்' எனும் கசியிழையப் புரதத்தை மூட்டு நீரிலும் குருதியிலும் அளக்கலாமென 1992இல் எழுதினார்கள். பின்னர் கசியிழையத்தின் நாரான இரண்டாம் வகைக் கொலாஜனின் துண்டுகளைச் சிறுநீரில் அளக்கும் 'சி.ரி.எக்ஸ்-2' சோதனை வந்தது. பலரை ஒன்றாக வைத்துப் பார்க்கையில், இந்த அளவு கூடியவர்களுக்குத் தேய்வும் விரைவாகவே நடக்கக் காணப்பட்டது.

ஆயினும் தனியொருவருக்கு இது தீர்ப்பாகாது. அரைமணி நேரம் நடந்தாலே குருதியில் கொம்ப் கூடிவிடும். சிறுநீரின் அளவு காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. தேய்வது முழங்காலா, இடுப்பா, விரலா என்றும் அது சொல்லாது. புதிய மருந்துகளைப் பரீட்சிப்போருக்கே இன்று இது பெரிதும் பயன்படுகிறது. மூட்டுத் தேய்வை அறிய இதற்கென்று காசு செலவழிக்க வேண்டாம்.

மூட்டுக்குள் ஊசியிட்டு நீர் எடுத்துச் சோதிப்பது வேறு விடயம். ஒரு மூட்டு திடீரென வீங்கி, சுட்டு, அசைக்க முடியாமல் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லையென்று பொறுத்திருக்கவும் கூடாது. உள்ளே கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே கசியிழையம் அழிந்துவிடும். பிள்ளைகளுக்கும் இது வரும். எடுத்த நீரில் கிருமி உண்டா, யூரிக் அமிலப் பளிங்குகள் உண்டா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். முழங்காலின் எண்ணெய்ப்பசை வற்றிவிடுமென்று பயந்து சிலர் மறுப்பதுண்டு. வற்றாது, மூட்டின் உட்சவ்வு அதைத் திரும்பவும் சுரக்கும்.