குறவைக்கு ஒரு கண்ணாடி வீடு

வண்ணமீன் கடையில் விற்கும்போது அலிகேட்டர் கார் என்ற மீன் பென்சில் நீளம்தான் இருக்கும். முதலை மூக்கு, ஊசிப் பல், அசையாமல் நிற்கிற தோரணை. கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அதை விட்டு நகர மனம் வராது. இதே இனத்து மீன் ஒன்று 2011-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வலையில் சிக்கியது. நீளம் 8 அடி 5 அங்குலம். எடை சுமார் 148 கிலோ. நெல்லை தச்சநல்லூரில் வாடகை வீட்டில் இருப்பவர், வாங்குமுன் ஹாலை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

வேட்டை மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைப் பிடித்துவிடுகிறார்கள். தொட்டியைப் பிறகு யோசிக்கிறார்கள். ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டும். அரோவானா இரண்டு, மூன்று அடி போகும். ஆஸ்கர் ஒரு அடியோடு நிற்கும் என்பதால் அது மட்டும் நடுத்தர வீட்டுக்குக் கொஞ்சம் ஒத்துவரும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 680 லிட்டர். கண்ணாடி, ஸ்டாண்டு, மணல் எல்லாம் சேர்ந்து முக்கால் டன்னைத் தாண்டிவிடும். மாடி வீடாக இருந்தால் பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வைக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவதும் நல்லது.

அளவுக்கு மேல் வளர்ந்த மீன் எங்கே போகிறது? கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். கொல்ல மனம் வராது. இரவோடு இரவாக ஒரு வாளியில் கிளம்பும். தச்சநல்லூரிலிருந்து நயினார்குளம் கூப்பிடு தூரம். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் தருவது நெல்லைக் கால்வாய். சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிறது. வெள்ளம் வந்தால் குளம், வாய்க்கால், ஆறு என்ற பிரிவே இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை ஜங்ஷன் பகுதி மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில் 2018 வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று வலைகளில் அமேசானின் அரபைமாவும் அலிகேட்டர் காரும் வந்து விழுந்தன. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியைச் சுத்தம் செய்தவர்கள் கையிலும் ஓர் அலிகேட்டர் கார் சிக்கியது. பாசி தின்னும் என்று சொல்லி விற்கிற டேங்க் கிளீனர் மீன் தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் குடியேறி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. ஆசிய அரோவானா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாஸ்து பார்த்து அரோவானா வாங்குகிறவர்கள் இந்தக் காகிதத்தையும் பார்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் வேட்டை மீனே வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கரையில் பிறந்த வேட்டைக்காரர்களே போதும் என்பது என் கட்சி. விரால், குறவை, ஆரல், சொட்டை வாளை, பனையேறிக் கெண்டை, விலாங்கு, கெளுத்தி என்று தாமிரபரணிப் பாசனத்தில் எத்தனை பேர்! பனையேறிக் கெண்டை தரங்கம்பாடியில் ஒரு பனையில் ஏறிக்கொண்டிருந்ததை 1791-இல் கண்டதாக டால்டார்ஃப் என்ற டென்மார்க் படை அதிகாரி எழுதிவைத்தார்; ஐரோப்பாவில் அதை நம்புவதா வேண்டாமா என்று ரொம்ப காலம் சர்ச்சை நடந்தது. விரால் குடும்பத்தின் வடகிழக்கு இந்திய உறவினர்களுக்கு வெளிநாட்டு மீன் வளர்ப்போரிடம் நல்ல கிராக்கி. அமெரிக்காவிலோ 2002 முதல் இந்தக் குடும்பத்து மீன் எதையும் உயிரோடு இறக்குமதி செய்யக் கூடாது. மேரிலாந்தில் ஒருவர் குளத்தில் விட்ட சீன விரால் பெருகி, குளத்துக்கே மருந்தடித்து அழிக்கும்படி ஆனதுதான் காரணம். அங்கே கள்ளச்சரக்கு, நம் சந்தையில் அலுமினியச் சட்டியில் துள்ளிக்கொண்டிருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி மையத்தில், பேராசிரியர் எம்.ஏ. ஹனீபாவும் அவர் குழுவினரும் விராலையும் குறவையையும் ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்வதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். முட்டையிட வைப்பதோடு வேலை முடிவதில்லை. வளர்கிற குஞ்சுகளில் பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்பதால், அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இதே மீனின் தாய் தகப்பன் குளத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே நின்று நாள்கணக்கில் காவல் காக்கும். பார்க்க வேண்டிய நாடகம் இது.

நான்கடித் தொட்டிக்கு நான் சொல்வது குறவை. ஒரு ஜோடி போதும். விரால் இரண்டு மூன்றடி வளரும், பூவிரால் அதற்கும் மேலே. அவற்றுக்குச் சிமெண்டுத் தொட்டிதான் சரி. வாளையை மறந்துவிடுங்கள். குறவை பெரும்பாலும் அரையடி, முக்கால் அடியோடு நின்றுவிடும். உடம்பெல்லாம் கரும்புள்ளி. மேலே வந்து காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழும் என்பதால் தண்ணீரை விளிம்புவரை நிரப்பக் கூடாது. நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். மூடிமேல் கனமாக எதையாவது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். நெல்லை வெயிலில் ஹீட்டர் தேவையில்லை. கரண்டு போய் ஏர் பம்ப் நின்றாலும் குறவை கவலைப்படாது.

ஆனால் அமோனியாவுக்கு அதுவும் பணிந்தாக வேண்டும். இறைச்சி தின்னும் மீனின் கழிவு தண்ணீரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அதைச் செரிக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி, வாரத்துக்குள் செத்ததும் ‘நமக்கு ராசியில்லை’ என்கிறவர்கள் பாதிப் பேர் இந்தக் கணக்கில் தவறியவர்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தோ ஆன்ட்டி குளோரின் விட்டோதான் ஊற்ற வேண்டும்.

கூடச் சேர்க்கும் மீன்களில் ஆரல் நல்ல துணை. கூர்ங்கல் இல்லாத மெல்லிய மணல் இரண்டு அங்குலம் போட்டால், புதைந்துகொண்டு மூக்கை மட்டும் நீட்டும். குறவையின் வாய்க்குள் நுழையாத அளவில் இரண்டு கெளுத்தி விடலாம். கொக்கு மீன் பார்க்க அழகு. ஆனால் உயிர் இரைதான் கேட்கும், சத்தம் கேட்டால் மிரண்டு மூக்கை முறித்துக்கொள்ளும். புதியவர்களுக்கு வேண்டாம்.

உயிர் மீன் போட்டு வேட்டையாட விட்டு வீடியோ எடுக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. இரை மீனோடு ஒட்டுண்ணியும் சேர்ந்து உள்ளே போகும் என்பது அதைவிட உருப்படியான காரணம். மண்புழு, உரித்த இறால், மீன் துண்டு என்று பழக்கி மெல்ல பெல்லட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் மூன்று நாள் தீனி போதும். சைவ வீடானால் இறால் பொட்டலம் ஃப்ரிட்ஜின் எந்தத் தட்டில் இருக்கும் என்பதை அம்மாவிடம் பேசி முடித்துவிட்டுத் தொட்டிக்கு ஆர்டர் கொடுங்கள்.

மீனைச் சந்தையிலோ பண்ணையிலோ வாங்கலாம். இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, முண்டந்துறைப் பக்கம் வலையோடு போகாதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அது. 1954-இல் மீனியல் அறிஞர் ஈ.ஜி. சைலஸ் இந்த ஆற்றின் பெயரையே சூட்டி விவரித்த கெண்டை போல, இந்த ஆற்றை விட்டால் வேறெங்கும் இல்லாத மீன்களும் இருக்கின்றன.

வளர்த்துச் சலித்துவிட்டால், உள்ளூர் மீன்தானே என்று குறவையைக் குளத்தில் விடவும் கூடாது; தொட்டி நோய் கூடவே போகும். வேறொரு வளர்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். குழம்பு யோசனை வரத்தான் செய்யும். தொட்டியில் மெத்திலீன் புளூவோ வேறு மருந்தோ விட்டிருந்தால் அந்த மீன் சட்டிக்கு ஆகாது.