பார்க்கின்சன் இருந்தால் எலும்பையும் ஏன் சோதிக்க வேண்டும்?

பார்க்கின்சன் என்றதும் கை நடுக்கம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், இந்த நோய் உள்ள பலரைப் படுக்கையில் தள்ளுவது ஒரு சின்ன சறுக்கலும் அதில் முறியும் இடுப்பு எலும்பும்தான். அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்கின்றன ஆய்வுகள்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே உள்ள சிலமலை போன்ற ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டிய அவசியம் அதிகம். விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகள் பலர் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கிறார்கள். ஊரில் அப்பா விழுந்துவிட்டார் என்று போன் வந்தால், "வயசாச்சுல்ல, கால் தடுக்கிருச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூளை நோய்க்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

எலும்பு உறுதியாக இருக்க, அதன் மேல் தினமும் பாரம் விழ வேண்டும். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் பார்க்கின்சனில் உடல் அசைவு மெதுவாகிறது. நடை குறைந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெயில் படாது; வைட்டமின் டி குறையும். பலருக்கு உடல் எடையும் இறங்கும்.

முக்கிய மருந்தான லெவோடோபா, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவைக் கூட்டலாம். பி12, ஃபோலேட் சத்துகள் குறைவாக இருந்தால் இது இன்னும் கூடும். ஹோமோசிஸ்டீன் அதிகமானால் எலும்பு பலவீனமாகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து.

எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றுவதும் இந்த நோயில் சகஜம். எலும்பு வலுவிழந்த நேரத்தில்தான் விழும் வாய்ப்பும் கூடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முழங்கால் மூட்டு வலியையும் ஊரில் 'எலும்பு தேய்மானம்' என்றுதான் சொல்வார்கள். இது வேறு. எலும்புப்புரை எனப்படும் அடர்த்திக் குறைவு, முறிவு ஏற்படும்வரை பெரும்பாலும் வலி காட்டாது. டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் தெரியும். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மதுரை போன்ற பெரிய ஊர்களில் இந்த வசதி உண்டு. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள், ஸ்கேன் தேவையா என்று அங்கேயே மருத்துவரிடம் கேட்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சாப்பாடு: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள், பால், கீரையும் உதவும். புரதம் லெவோடோபாவின் வேலையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு பருப்பு, முட்டையை அடியோடு விட்டுவிடுகிறார்கள் சிலர். அது எலும்புக்கும் தசைக்கும் கேடு. புரதத்தை எந்த வேளைக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டால் போதும்.
* வெயில்: வைட்டமின் டி-க்கு இளங்காலை வெயிலைவிட, சூரியன் மேலே ஏறிய பிறகு வரும் வெயிலே பயன் தரும். கொஞ்ச நேரம் போதும்.
* வீடு: குளியலறையில் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, வழுக்காத தரை. சாரல் மாதங்களில் மலைச்சரிவு வீடுகளின் கல்படிகளில் பாசி பிடிக்கும், தேய்த்துவிட வேண்டும்.
* மருந்து: எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் நிறைய தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது சரிப்படாது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் சோலட்ரோனிக் அமிலம் ஒரு மாற்று. அதற்கு முன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி அளவைப் பார்ப்பார்கள்.

முறிந்துவிட்டால்?

ஆபரேஷனுக்குச் சேர்க்கும்போதே பார்க்கின்சன் இருப்பதையும், மாத்திரை போடும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாந்திக்கு வழக்கமாகத் தரும் மெட்டோகுளோப்ரமைடு இவர்களுக்கு நோய் அறிகுறிகளைக் கூட்டும் என்பதையும் நினைவுபடுத்தலாம்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, நடுக்கத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பாவுக்கு எலும்பு டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?"