சைக்கிளில் ஹாலே வரை

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்கள் வாலிபர் ஐக்கியம் ஒரு முகாம் நடத்துவது வழக்கம். இந்த முறை முகாம் வேண்டாம், சைக்கிளில் எங்கேயாவது போவோம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். பெரியவர்களாகிய நாங்கள் ஒரேயொரு நிபந்தனை வைத்தோம்: பயணம் ஹாலே நகரத்தில் முடியவேண்டும். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடத் தொடங்கிய ஈய எழுத்துக்கள் அந்த ஊரிலிருந்துதான் போயின. முப்பது, நாற்பது வருடமாக ஜேர்மனியில் இருக்கிறோம். ஆனாலும் எங்கள் சபையில் ஹாலேயைப் பார்த்த குடும்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நவும்பூர்க்கில் தொடங்கி, வைசன்பெல்ஸ், மெர்சபூர்க் வழியாக ஹாலே வரை சாலே ஆற்றங்கரைப் பாதை. ஏறக்குறைய 70 கி.மீ. அதை மூன்று நாளாகப் பிரித்தோம். ஓடிப் பழகியவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள், ஆனால் அப்படி ஓடினால் பார்ப்பதற்கு நேரம் இருக்காது. 13 வயது முதல் 22 வயது வரை பதினொரு பிள்ளைகள், கூட மூன்று பெரியவர்கள். பாதை பெரும்பாலும் சமதளம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் திராட்சைத் தோட்டங்கள் ஏறிப்போகும் மேடுகள்.

முதல் நாளில் பாதியை நவும்பூர்க் பேராலயத்துக்கே கொடுத்தோம். 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஆலயம் இது. மேற்குப் பக்கத்தில் பாடகர் மண்டபத்தை மறைத்து நிற்கும் கல் தடுப்பின் மேற்பகுதியில் இயேசுவின் பாடுகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டு வேலை. செய்தவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அதனால் ‘நவும்பூர்க் ஆசான்’ என்றே வரலாறு அவரை அழைக்கிறது. இராப்போசன மேசையில் சீஷர்கள் பசியோடு சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். அடுத்ததில் யூதாஸின் கைக்குள் காசு விழுகிறது. ஓய்வுநாள் பாடசாலையில் படங்களில் பார்த்த சாந்தமான முகங்கள் இல்லை இவை. கடைசி இரண்டு காட்சிகள் மட்டும் மரம். தீ விபத்தொன்றில் அழிந்த கல்லுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் வைத்தவை.

அந்தத் தடுப்பைக் கடந்து உள்ளே போக ஒரு வாசல் உண்டு. வாசலின் நடுத் தூணே சிலுவை. இரு பக்கத்திலும் மரியாளும் யோவானும் நிற்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் அறையப்பட்ட ஆண்டவரின் கைக்குக் கீழாகத்தான் போகவேண்டும். பொதுவாகச் சிலுவையை உயரத்தில் மாட்டி அண்ணாந்து பார்க்கிறோம். இங்கே அவர் எங்கள் உயரத்தில் இருந்தார். அதுவரை கைத்தொலைபேசியும் கையுமாக நின்ற பிள்ளைகள்கூட அந்த இடத்தில் அதைச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள்.

உள்ளே ஆளுயரத்தில் பன்னிரண்டு சிலைகள். அப்போஸ்தலர் என்று நினைத்தால் இல்லை, பரிசுத்தவான்களும் இல்லை. ஆலயத்துக்குப் பொருள் கொடுத்த பிரபுக்களும் அவர்களுடைய மனைவிமாரும். அவர்களில் உத்தா என்ற பெண், மேலங்கியின் கழுத்துப் பட்டியைக் கையால் உயர்த்திக் கன்னத்தை மறைத்தபடி நிற்கிறாள். ஜேர்மனியின் மிகப் புகழ்பெற்ற சிலைகளில் ஒன்று. நாட்ஸிகள் இந்த முகத்தை எடுத்து, ‘ஆரியப் பெண்’ இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பிரசாரம் செய்தார்கள். உண்மையான உத்தா இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகே இது செதுக்கப்பட்டது. அவளைக் கண்ணால் பார்த்தவர் யாரும் அப்போது உயிரோடு இல்லை. சிற்பி கற்பனை செய்த ஒரு முகத்தை வைத்து, யார் இந்த நாட்டுக்குச் சொந்தம், யார் சொந்தமில்லை என்று ஒரு அரசாங்கம் பாடம் நடத்தியிருக்கிறது.

இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, 17 வயது, சிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “என்னட்டையும் கிழமைக்கு ஒருக்கா ஆரும் கேப்பினம், நீ உண்மையிலே எங்கையிருந்து வந்தனீ எண்டு.” அவனுடைய தங்கை உடனே, “கேட்டா நவும்பூர்க் எண்டு சொல்லு” என்றாள். சிரித்தோம். ஆனால் அன்று மாலை வைசன்பெல்ஸ் போய்ச் சேரும்வரை பிள்ளைகளின் பேச்சு முழுக்க அதுதான். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், உதைபந்தாட்டக் கழகத்தில் நடந்தவை எல்லாம் வெளியே வந்தன. வீட்டில் பெற்றோரிடம் சொல்லாதவை சிலவும். சைக்கிளில் போகும்போது எல்லோரும் முன்னே பார்த்துக்கொண்டு பேசுவதாலோ என்னவோ, பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது.

நவும்பூர்க்கை விட முன் எலிசபெத் சிற்றாலயத்தையும் பார்த்தோம். லைப்சிக் ஓவியர் நியோ ரவுக் 2007இல் வரைந்து கொடுத்த இரத்தச் சிவப்புக் கண்ணாடி ஜன்னல்கள் அங்கே உண்டு. ஹங்கேரியில் இளவரசியாகப் பிறந்த எலிசபெத் விதவையான பின் மார்பூர்க்கில் ஒரு மருத்துவமனை தொடங்கி, நோயாளிகளைத் தன் கையாலேயே கழுவித் துடைத்துப் பராமரித்தவர். 1231இல், 24 வயதில் மரித்தார். தாதி வேலை செய்கிற எங்களுக்கு அந்த இடத்தை விட்டு எழும்ப மனம் வரவில்லை. பிள்ளைகளோ அதற்குள் ஐஸ்கிறீம் கடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வைசன்பெல்ஸில் இசையமைப்பாளர் ஹைன்றிஷ் ஷூட்ஸ் முதுமையில் வாழ்ந்த வீடு இருக்கிறது. எங்கள் பாடகர் குழுப் பிள்ளைகள் மட்டும் உள்ளே போனார்கள். அடுத்த நாள் வழியில் பாட் டூரென்பெர்க். முள்ளுச்சுள்ளிகளை உயரமாக அடுக்கி, உப்புத் தண்ணீரை மேலிருந்து சொட்டவிடும் மரச் சுவர் அங்கே 600 மீற்றருக்கு மேல் நீள்கிறது. முன்பு உப்புக் காய்ச்சுவதற்காகக் கட்டியது, இப்போது மூச்சுக்காக நடக்கிறார்கள். ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளையும் எங்களோடு நடந்தான், காற்று நல்லாயிருக்கு என்றான். மருந்துப் பம்ப் அப்போதும் எங்கள் பையில்தான் இருந்தது. அதைத் தாண்டினால் லொய்னா இரசாயனத் தொழிற்சாலையின் குழாய்கள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை.

மெர்சபூர்க் கோட்டை முற்றத்தில் ஒரு கூண்டில் அண்டங்காகம் வளர்க்கிறார்கள். மோதிரம் திருடியதாக ஒரு பேராயர் தன் வேலைக்காரனுக்கு மரண தண்டனை கொடுத்தார், பிறகு மோதிரம் காகக் கூட்டில் கிடைத்தது என்பது கதை. பேராயர் செய்த பிழைக்குக் காகம் ஏன் மறியலில் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் இளையவள் கேட்டாள். பேராலய நூலகத்தின் புகழுக்குக் காரணம் வேறு. பழைய திருச்சபைக் கையெழுத்து நூல் ஒன்றின் வெற்றுத் தாளில் 10ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதிவைத்த இரண்டு மந்திரங்கள். 1841இல் கண்டெடுத்தார்கள். ஒன்று குதிரையின் சுளுக்கிய காலைச் சுகமாக்குவதற்கு. அதே பக்கத்தில் கீழே ஒரு லத்தீன் ஜெபம். பழைய வழக்கமும் புதிய விசுவாசமும் ஒரே தாளில். நம் வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஜெபமும் செய்து, நாவூறும் கழிக்கும் அம்மம்மாமாரை நினைத்துக்கொண்டோம். அன்று காலையில்தான் ஒரு தங்கச்சிக்குக் கணுக்கால் சுளுக்கியிருந்தது. நாங்கள் ஐஸும் பன்டேஜும் வைத்துச் சமாளித்தோம். மூன்றாம் நாள் அவள் ரயிலில் ஹாலே வந்தாள்.

ஹாலே பெரிய ஊர். சந்தைச் சதுக்கத்து ஆலயத்தில் லுத்தரின் மரண முகமூடி இருக்கிறது. ஹாண்டல் ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். அவற்றைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பிராங்கே நிறுவனங்களுக்குப் போனோம். 1695இல் பிராங்கே என்ற போதகர் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த ஏழு குல்டனை, அதாவது 4 தாலர் 16 குரோஷனை, வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல். அது வளர்ந்து ஒரு சிறு பட்டணமாகவே ஆகிவிட்டது. இங்கே படித்த சீகன்பால்கு டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு 24 வயதுகூடச் சரியாக நிறையவில்லை. எங்கள் குழுவில் மூத்த தம்பியைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

அவர் தமிழ் படித்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு முதிய வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் இருந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிறகு தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துச் சேர்த்து வாசித்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஹாலே அதை அச்சிடவில்லை. 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது. “அவர் படிச்சதை ஏன் மறைச்சவை?” என்று ஒருவன் கேட்டான். மிஷனரி இங்கிருந்து கொடுக்கப் போனவர், அங்கிருந்து கற்றுக்கொள்ளப் போனவர் அல்ல என்று அனுப்பியவர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை நாங்கள் நியாயப்படுத்தவில்லை.

பழைய அநாதை இல்லத்தின் மேல்மாடியில் அதிசயப் பொருட்கள் அறை. ஏறக்குறைய 3000 பொருட்கள், 18ஆம் நூற்றாண்டில் அடுக்கிய அதே அலுமாரிகளில். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. மிஷனரிகள் நம் பக்கத்திலிருந்து அனுப்பிய பொருட்களும் அங்கே உண்டு, தமிழ் ஓலைச்சுவடியும் உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு முகத்தைச் சுழித்துக்கொண்டு போகும் 15 வயதுப் பிள்ளை ஒருத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டியபடி எழுத்துக் கூட்டினாள். “அக்கா, குத்து ஒண்டும் இல்லையே!” உண்மைதான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும், அதனால் பழையவர்கள் புள்ளி வைப்பதில்லை. வாசிக்கிறவர்தான் மெய்யெழுத்து எது என்று அறிந்துகொள்ளவேண்டும். மூன்று சொல் வாசித்துவிட்டுத்தான் அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள்.

தமிழ் தெரியாத கைகள் ஹாலேயில் உருவாக்கிய அச்செழுத்துக்கள் 1713இல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தன. அளவில் மிகப் பெரியவை, கடதாசியை விழுங்கிவிட்டன. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வந்தபின், சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். இங்கே சுவடிச்சாலையில் இன்னொரு கைப்பிரதியும் இருப்பதாக அறிந்தோம். கிரிண்ட்லர் என்ற மிஷனரி 1711இல் தமிழ் மருத்துவ வாகடங்களைக் கொண்டு ஜேர்மன் மொழியில் எழுதிய ‘மலபார் மருத்துவர்’. ஐரோப்பிய மருந்து கைகொடுக்காத இடத்தில் நம் வைத்தியர்களிடம் கேட்டு எழுதிய ஒரு புத்தகம் முந்நூறு வருடமாக இந்தக் கட்டடங்களுக்குள் இருக்கிறது. மருத்துவமனையில் எங்களோடு வேலை செய்யும் ஜேர்மன் தோழிகளுக்கு இதைத்தான் முதலில் சொன்னோம்.

மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் சீகன்பால்குவோடு கப்பலேறி ஹாலே வந்திருக்கிறார். இருவரும் வந்த பயணத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இங்கே லத்தீனில் அச்சானது. பிள்ளைகள் முற்றத்தில் இருந்து மாலுபணிஸ் சாப்பிட்டுக்கொண்டு அவரைப் பற்றித்தான் பேசினார்கள். குளிருக்கு என்ன உடுத்தியிருப்பார், சோறு இல்லாமல் என்ன செய்திருப்பார், அவரிடமும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டிருப்பார்களா என்று.

அடுத்த முறை போக விரும்பும் குடும்பங்களுக்கு: சைக்கிளோடு ஏறக்கூடிய பிராந்திய ரயிலையே எடுங்கள், கூட்டமாகப் போவதானால் காலை முதல் ரயில் நல்லது. மாற்று ரியூபும் பம்பும் கட்டாயம், மூன்று நாளில் எங்களுக்கு நான்கு முறை காற்றுப் போனது. ஹாலேக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அரை நாள் போதவே போதாது. வரும் கோடையில் சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊருக்குப் போவோம் என்று பிள்ளைகள் இப்போதே சொல்கிறார்கள். அங்கே மேடுகள் கூட, ஆகவே பெற்றோர்களும் பயிற்சி எடுக்கத் தொடங்கலாம்.